அளந்தது பன்னிரண்டரை

அத்தியாயம் ஏழு

துப்பறிவாளர் ஹனாவா கிகுயோவிடம் வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு வருடத்தில் என்னைப் பூட்டி வைத்தவர்களின் பட்டியல் சின்னதல்ல. ஒரு பன்றிப் பண்ணைக்காரர், ஒரு பல் டாக்டர், ஒரு தடவை என் சொந்த மாமியார். ஆனால் நானே போனைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, வரிசையில் நின்று, சமர்த்தாக உள்ளே போய் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் பெரிய ஷட்டர், எதிர்ப்பக்கம் தாழ்வாரத்துக்குப் போகும் ஓர் இரும்புக் கதவு. சுவர் முழுக்க சத்தம் வெளியே போகாதபடி தடித்த பஞ்சுப் பலகை. சுற்றிலும் கொன்யாகு கிழங்கு பயிரிடும் விவசாயிகள். உருளைமேல் கார் ஓடும்போது ஷட்டரை மூடியே தீர வேண்டும் என்று அவர்களிடம் பட்டறை எழுதிக் கொடுத்திருந்தது. தரையில் பதித்த அந்த உருளைகளின்மேல் சக்கரங்களை ஏற்றிவிட்டால் கார் நின்ற இடத்திலேயே நூறு மைல் ஓடும். பந்தயக் கார்களின் எஞ்சினுக்குச் சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இந்த அறையில், இதே வெள்ளைக் காரின் ஓட்டுநர் இருக்கையில், பட்டறைக்காரர் உஷிகுபோ செத்துப் போனார். சைலன்ஸர் புகை. அதை வெளியே இழுத்துத் தள்ள வேண்டிய பெரிய ஃபேன் ஓடவில்லை.

ஃபேனைப் போட வேண்டியது அவருடைய கூட்டாளி இகராஷி மதோகாவின் வேலை. அவர் செத்த அன்றைக்கு மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு உதிரிபாகம் வாங்கக் கிளம்பியவள் அவள்தான். நாங்கள் போன நாளில் நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் அகுட்சு வாக்குமூலத் தாளோடு வருவதாக இருந்தது. 'ஃபேனைப் போட மறந்தேன், அதனால் ஒருவர் இறந்தார்' என்று அதில் இருக்கும். மதோகா அதில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினால் ஜெயில். முத்திரைக்கட்டையை அவள் காலையிலிருந்தே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினாள்.

"இகராஷி-சான், அன்னிக்கு ஃபேனைப் போட்டீங்களா இல்லையா?" என்று ஹனாவா கேட்டார். ஐம்பத்தெட்டு வயது, குட்டை உருவம், எதைக் கேட்டாலும் தபால் நிலையத்தில் தபால்தலை கேட்கிற குரல்.

"விரல் நீட்டிச் சொன்னேன். 'ஷட்டர், மூடியாச்சு. ஃபேன், ஓடுது'ன்னு. எப்பவும் சொல்றதுதான்."

"சொன்னீங்க. பார்த்தீங்களா?"

மதோகா தன் ஆள்காட்டி விரலையே பார்த்தாள். "பதினோரு வருஷமா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நீட்டறேன். விரல் தானா நீளுது, வாய் தானா சொல்லுது. கண்ணு பார்த்துச்சான்னு கேட்டா எனக்குச் சத்தியமா தெரியல. தெரியாதுங்கறப்ப மறந்திருப்பேன்னு தானே அர்த்தம்."

"அது இன்ஸ்பெக்டரோட அர்த்தம்" என்றார் ஹனாவா.

எங்களை அனுப்பியது செத்தவருடைய அக்கா. 'என் தம்பியோட பதினோரு வருஷம் சண்டை போட்டவ அவ. அப்படிப்பட்டவ எதையும் மறக்க மாட்டா' என்பதுதான் அந்த அம்மாள் கொடுத்த ஒரே துப்பு. நீதிமன்றத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சண்டை எதைப் பற்றி என்பதை மதோகா எனக்கு மூன்று தடவை விளக்கினாள். மூன்றாவது தடவை புரிந்தது. எஞ்சினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று என்று ஓர் அளவு உண்டு. இந்தக் காருக்குப் பன்னிரண்டரை. அந்த எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம், கூடினால் பெட்ரோல் போதவில்லை. சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. சைலன்ஸர் குழாயில் ஒரு சென்சாரைச் செருகிப் புகையை மோந்து பார்த்து அளப்பது உஷிகுபோவின் வழி. எஞ்சின் உறிஞ்சிய காற்று எவ்வளவு, பீய்ச்சிய பெட்ரோல் எவ்வளவு என்று வகுத்துக் கணக்கிடுவது மதோகாவின் வழி.

"மிசோ சூப் மாதிரி" என்றேன். "அவர் கரண்டியில எடுத்து ருசி பார்ப்பாரு. நீங்க எத்தனை கரண்டி போட்டோம்னு எண்ணுவீங்க."

"அவனும் அப்படித்தான் சொல்வான்" என்றாள் மதோகா.

இறந்த அன்றைக்கு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் லேப்டாப் பதிவு செய்திருந்தது. யார் சொல்வது நிஜம் என்று பார்த்துவிடுவதாக இருவருக்கும் போட்டி. பதிவின் நகலைப் போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. அவர்களுடைய நிபுணர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு 'எஞ்சின் சரியாகவே ஓடியது, விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டார். மதோகா இரண்டாவது பக்கம் வரை பார்த்தாள். அதில் சென்சாரின் எண் பன்னிரண்டரையில் அசையாமல் நிற்க, அவளுடைய கணக்கு எண் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. அதோடு மூடி வைத்துவிட்டாள்.

"என் கணக்கும் தப்பு, என் ஃபேனும் தப்பு. அன்னிக்கு நான் தொட்ட எதுவும் உருப்படல."

"இல்லன்னா சென்சார் பொய் சொல்லியிருக்கும்" என்று ஹனாவா சொன்னார். "ரெண்டுல ஒண்ணு பொய். அதே கார், அதே சென்சார், அதே கணக்கு. ஓட்டிப் பார்த்துடலாம். கார் உங்களோடதுதானே, நிஷினா-சான்? ஆட்சேபணை இருக்கா?"

கதவருகே நின்ற நிஷினா லேசாகக் குனிந்து வணங்கினார். கல்யாண மண்டபம் நடத்துகிறவர், யாரைப் பார்த்தாலும் வாழ்த்துச் சொல்ல வந்தவர் போலவே நிற்பார். சடலத்தை முதலில் பார்த்துப் போன் செய்தவரும் அவர்தான். அன்றைக்குக் காரைத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்தார்.

"தாராளமா ஓட்டுங்க. ஆனா அது பழைய சென்சாருங்க. அதைப் போய் நம்பறீங்களே." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "குளிர் தாங்கல. நான் போய் எல்லாருக்கும் சூடா டின் காபி வாங்கிட்டு வர்றேன். தெரு முனையில மிஷின் இருக்கு."

அவர் போனார். மதோகா கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று ஃபேன் பொத்தானை அழுத்தினாள், விரல் நீட்டினாள், சொன்னாள். இந்தத் தடவை கண்ணையும் அகலத் திறந்து பார்த்தாள். போன்களை வெளியே தட்டில் வைப்பது பட்டறை விதி. வைத்தோம். கதவைச் சாத்தினோம்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அதில் ஒருத்தர் செத்திருக்கிறார் என்பதை என் முதுகு மறக்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் மதோகா மடியில் லேப்டாப்போடு. உஷிகுபோ இறந்த நாளின் காலை அளவுகளை அப்படியே எஞ்சினுக்கு ஏற்றினாள். ஹனாவா ஜன்னலோரம் நின்றார். மூவரும் காதை அடைக்கும் ஹெட்ஃபோன் மாட்டி, அதிலிருந்த மைக்கில் பேசிக்கொண்டோம். சாவியைத் திருப்பியதும் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பதிவு கேமரா பேசியது. "அட்டை இல்லை. மெமரி அட்டையைச் செருகவும்."

"என் முன்னாள் சம்சாரமும் வண்டில ஏறின உடனே இப்படித்தான் ஆரம்பிப்பா" என்றேன்.

"ஓட்டு, தொபே" என்றார் ஹனாவா.

பெடலை ஒரு கம்பியால் முட்டுக் கொடுத்து எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்தினாள் மதோகா. காருக்கு முன்னால் இருந்த ராட்சதக் காற்றாடி எஞ்சினைக் குளிர்விக்க முகத்தில் அறைந்தது. அதன் இரைச்சலில் ஹெட்ஃபோனைக் கழற்றினாலும் வேறு எதுவும் கேட்காது. மணி மூன்று பத்து.

அளந்த எண் பன்னிரண்டரை. கணக்கிட்ட எண் பன்னிரண்டரை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளைப் போல நின்றன. மதோகாவின் முகம் இன்னும் சுருங்கியது. "ரெண்டுமே சரியா இருக்கே. அப்ப அன்னிக்கு மட்டும் ஏன்?"

மூன்று இருபத்திரண்டுக்கு அளந்த எண் பன்னிரண்டு புள்ளி நான்கு ஆனது. கொஞ்ச நேரத்தில் புள்ளி மூன்று. கணக்கு எண் அசையவில்லை.

"உஷிகுபோ இருந்தா இப்ப என்ன செய்வாரு?" என்று ஹனாவா கேட்டார்.

"பெட்ரோல் ஜாஸ்தின்னு சென்சார் சொல்லுது. இந்தக் கீயைத் தட்டி ஒரு சிட்டிகை குறைப்பான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

"தொபே, தட்டு."

தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன். அளந்த எண் சமர்த்தாகப் பன்னிரண்டரைக்குத் திரும்பியது. கணக்கு எண் பன்னிரண்டு புள்ளி ஏழுக்கு ஏறியது.

மதோகா மூச்சை இழுத்துக்கொண்டாள். "இதேதான். அன்னிக்கும் இப்படித்தான் ஏறியிருக்கு. அப்ப என் கணக்கு தப்பில்ல. அவன் நிஜமாவே பெட்ரோலைக் குறைச்சிருக்கான், அதனாலதான் என் எண் ஏறியிருக்கு. ஆனா சென்சார் ஏன் ஜாஸ்தின்னு சொல்லணும்?"

எனக்கு நெற்றிப்பொட்டில் சின்னதாக வலிக்க ஆரம்பித்திருந்தது. நேற்றுக் குடித்த சாக்கே மதுவின் வேலை என்று நினைத்தேன்.

"தொபேயோட மிசோ சூப்புல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் ஹனாவா, ரொம்ப நிதானமாக. "கரண்டியை எண்ணறவங்களுக்கு, பாத்திரத்துல ஊத்தின தண்ணியே உப்புத் தண்ணின்னா எப்படித் தெரியும்? ருசி பார்க்கறவனுக்குத்தான் கரிக்கும். எஞ்சின் எவ்வளவு காத்து உறிஞ்சுதுன்னு கணக்குக்குத் தெரியும். அந்தக் காத்துல எவ்வளவு நல்ல காத்து, எவ்வளவு புகைன்னு தெரியாது."

மதோகா அவரைப் பார்த்தாள். பிறகு கூரையோரம் இருந்த ஃபேன் வலையைப் பார்த்தாள். அதன் இறக்கைகள் நின்று கிடந்தன.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றார் ஹனாவா.

மதோகா சாவியைத் திருப்பினாள். நான் இறங்கிக் கதவுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்காக, கால்கள் பஞ்சாக இருந்தன. கைப்பிடி திரும்பியது, கதவு திறக்கவில்லை. வெளியே ஏதோ கனமாக முட்டுக் கொடுத்திருந்தது. தோளால் இடித்தேன், என் தோள்தான் நொந்தது.

"ஷட்டர்" என்றார் ஹனாவா.

மதோகா பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் ஒரு விரற்கடை உயர்ந்தது. அந்த நொடியில் விளக்கு அணைந்தது, முன்னால் இருந்த காற்றாடி ஓய்ந்தது, ஷட்டரும் நின்றது. யாரோ வெளியே மெயினை இறக்கிவிட்டார்கள். எஞ்சின் நின்ற சத்தமே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"ஷட்டரைக் கையால தூக்கற சங்கிலி இருக்குமே?"

"போன வருஷமே அறுந்து போச்சு. மாத்தணும்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தான்."

இருட்டு. லேப்டாப் திரையின் வெளிச்சம் மட்டும். நான் காரின் ஹாரனை அழுத்திப் பார்த்தேன். பஞ்சுச் சுவர் அதை விழுங்கிவிட்டது. எனக்கு அப்போது நிஜமாகவே பயம் வந்தது. வேடிக்கையாக எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் குமட்டியது.

மதோகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியும் மறந்துட்டேன். இன்னிக்குக் கண்ணால பார்த்தேன்னு நெனச்சேனே. இப்ப உங்களையும் சேர்த்துக் கொல்லப் போறேன்."

"அழுத்தத்துல காத்து வர்ற ஹோஸ் எங்கே?" என்று ஹனாவா கேட்டார்.

"என்ன?"

"டயருக்குக் காத்து அடிப்பீங்களே, அந்த ஹோஸ். கம்ப்ரெஸர் வெளியேதானே இருக்கு? அதோட டேங்க்ல இருக்கறது நல்ல காத்து."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நாங்கள் மூவரும் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஒரு சிவப்பு ஏர் ஹோஸைச் சுற்றி முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தோம். முனையை லேசாக அழுத்தினால் உஸ்ஸென்று குளிர்ந்த காற்று வரும். எண்ணெய் வாடை அடித்தது. எனக்கு அது அமிர்தமாக இருந்தது. மீட்டர் முள் எட்டில் இருந்தது. மின்சாரம் இல்லாததால் டேங்க் திரும்ப நிரம்பாது. முள்ளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

"இகராஷி-சான், ஒரு கேள்வி. இன்னிக்கு ரெண்டு எண்ணும் எத்தனை நிமிஷம் ஒட்டி நின்னுச்சு?"

"பன்னிரண்டு."

"ஒட்டி நிக்கணும்னா அறைக் காத்து சுத்தமா இருக்கணும். சுத்தமா இருக்கணும்னா ஃபேன் ஓடணும். நீங்க மறக்கல. பன்னிரண்டு நிமிஷம் அது ஓடிச்சு, அப்புறம் யாரோ நிறுத்தினாங்க. இப்ப அன்னிக்குப் பதிவைத் திறங்க."

மதோகா பதிவைத் திறந்தாள். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்று ஐந்திலிருந்து இரண்டு எண்களும் பன்னிரண்டரை. பக்கம் தள்ளினாள். பன்னிரண்டரை, பன்னிரண்டரை. மூன்று நாற்பத்தொன்றில்தான் முதல் தடவையாகப் பிரிந்தன.

"மூணு அஞ்சுக்கு நான் கிளம்பினேன்" என்றாள். "மூணு நாப்பத்தொண்ணுக்கு நான் மாஎபாஷியில உதிரிபாகக் கடையில நிக்கறேன். ரசீது இருக்கு." திரையில் விரலை வைத்தாள். "ஓடியிருக்கு. நான் போட்டிருக்கேன். முப்பத்தாறு நிமிஷம் ஓடியிருக்கு."

அவள் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். நான் ஹோஸை அவள் பக்கம் திருப்பினேன். முள் ஆறு.

"ஃபேன் தானா ரிப்பேர் ஆகி நின்னிருக்கலாமே" என்றேன். "வக்கீல் அப்படித்தான் கேப்பாரு."

"நல்ல கேள்வி. அதிசயமா இருக்கு" என்றார் ஹனாவா. "மேல போங்க."

மூன்று ஐம்பத்தெட்டு வரை உஷிகுபோ பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார். கணக்கு எண் பதின்மூன்று புள்ளி நான்கில் நின்றது. அதற்குப் பிறகு கீயைத் தட்ட ஆளில்லை. அந்த இடத்தை மதோகா வேகமாகத் தாண்டினாள். அளந்த எண் தனியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டு, பதினொன்று புள்ளி ஏழு.

நான்கு ஒன்பதுக்கு அது விருட்டென்று மேலே பாய்ந்து, பதின்மூன்று புள்ளி நான்கில் கணக்கு எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டது.

"சுத்தக் காத்து" என்றேன்.

"ஒன்பது நிமிஷம் சுத்தக் காத்து. நாலு பதினெட்டுக்கு மறுபடி பிரியுது. அப்புறம் நாலு முப்பத்தொண்ணுக்குத் திரும்ப ஒட்டுது. நாலு முப்பத்திரண்டுக்குப் போலீஸுக்குப் போன். மறந்த ஃபேன் ஒரு தடவை மறந்தது மறந்ததுதான். நடுவுல அது தானா ஓடி, தானா நிக்காது." ஹனாவா ஹோஸிலிருந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டார். "உள்ளே செத்தவர் இருக்காரு. கொன்னவருக்கு உள்ளே வரணும். வரணும்னா அவரும் மூச்சு விடணுமே. அதனால ஃபேனைப் போட்டு அறையைச் சுத்தம் பண்ணிட்டு வந்தாரு. வேலையை முடிச்சுட்டுப் போய்த் திரும்ப நிறுத்தினாரு. எதுக்கு வந்தாரு?"

"எதையோ எடுக்க" என்றேன். தலை பாரமாக இருந்தாலும் அது ஓடியது. "கார்லேருந்து. கார்லேருந்து என்ன காணோம்?"

பிறகு மதோகா மெதுவாக நிமிர்ந்தாள்.

"அந்தக் கேமரா. இன்னிக்கு 'அட்டை இல்லை'ன்னு சொல்லிச்சே. அன்னிக்குக் காலையில அப்படிச் சொல்லல. 'பதிவு ஆரம்பமாகிறது'ன்னு சொல்லிச்சு. உஷிகுபோ 'ஆகட்டும்மா'ன்னு பதில் சொன்னான். எப்பவும் பதில் சொல்வான், லூசு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மத்தியானம் சாப்பிடறப்ப, நிஷினா கிட்ட ஒரு விஷயம் கேக்கணும், அந்தப் பதிவுல ஒண்ணு பார்த்தேன்னான். என்னன்னு கேட்டேன். முதல்ல அவர் வாயால சொல்லட்டும்னான்."

"நிஷினா போலீஸ் கிட்ட என்ன சொன்னாரு, தொபே?"

"கேமராவுக்கு அட்டையே வாங்கினதில்லன்னு."

முள் மூன்றுக்கு வந்திருந்தது. ஒருவர் வாங்கும் காற்றை இரண்டு எண்ணும் வரை என்று குறைத்துக்கொண்டோம். நான் என் முறையை ஒரு தடவை மதோகாவுக்கு விட்டுக் கொடுத்தேன். பிறகு வருத்தப்பட்டேன்.

"அவரு இங்கே என்ன திட்டத்துல இருக்காருன்னு சொல்லவா?" என்றார் ஹனாவா. "நாலு மணிக்கு அகுட்சு வருவாரு. அவர் கண் முன்னாலயே நிஷினா கதவைத் திறப்பாரு. இகராஷி-சான் மறுபடியும் ஃபேனை மறந்துட்டாங்கன்னு சொல்வாரு. செத்திருந்தாலும் சரி, மயங்கிக் கிடந்தாலும் சரி. ரெண்டாவது தடவை மறந்தவங்களை யாரும் நம்ப மாட்டாங்க. நீங்களே உங்களை நம்ப மாட்டீங்க."

"ஏற்கெனவே நம்பலையே" என்றாள் மதோகா.

மூன்று ஐம்பத்தைந்துக்கு விளக்கு எரிந்தது. கூரையோரம் ஃபேன் உறுமியது. வெளியே கனமான எதையோ தள்ளும் சத்தம், பிறகு கதவு திறந்தது. டயர் அடுக்கி வைக்கும் தள்ளுவண்டி ஒன்று சுவரோரம் ஒதுங்கி நின்றது. நிஷினா கையில் காபி டின்கள் வைத்த பையோடு நின்றார். தாழ்வாரத்தின் கோடியில் இன்ஸ்பெக்டர் அகுட்சு அப்போதுதான் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"என்ன கொடுமை இது" என்றார் நிஷினா. குரல் நிஜமாகவே நடுங்கியது. "இப்பத்தான் காபி வாங்கிட்டு வர்றேன். பார்த்தா ஃபேன் நின்னு கிடக்குது. நான்தான் ஓடி வந்து போட்டேன். இகராஷி-சான், மறுபடியுமா?"

மதோகா வாயைத் திறந்தாள். அகுட்சுவின் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவள் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். அவளைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது.

ஹனாவா தள்ளாடியபடி வெளியே வந்து, நிஷினாவின் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"மிஷின்ல சூடா வாங்கினதா?"

"ஆமாங்க. குடிங்க, தெம்பா இருக்கும்."

"பிப்ரவரி மாசம். தெரு முனையிலேருந்து இங்கே நடக்க மூணு நிமிஷம். இன்ஸ்பெக்டர், இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அகுட்சு தொட்டார். புருவம் ஏறியது. "சில்லுன்னு இருக்கே."

"அரை மணி நேரமா இந்தத் தாழ்வாரத்துல நின்னா எதுவும் ஆறிப் போகும். அந்தத் தள்ளுவண்டி கதவுக்கு முன்னால எப்படி வந்துச்சு, மெயின் எப்படி இறங்கிச்சுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல இந்த லேப்டாப்பைப் பாருங்க. ரெண்டு பதிவு. ஒண்ணு அன்னிக்கு, ஒண்ணு இன்னிக்கு. ரெண்டுலயும் ஃபேன் ஓடிச்சு, அப்புறம் நின்னுச்சு. மறந்த ஃபேன் ஓடவே ஓடாது."

அவர் நான்கு ஒன்பதையும் நான்கு பதினெட்டையும் காட்டினார். கேமரா காலையில் சொன்னதை மதோகா சொன்னாள். முதலில் திக்கினாள், பிறகு திக்கவில்லை.

அகுட்சு இரண்டு நேரங்களையும் குறித்துக்கொண்டார். பிறகு நிஷினாவின் காரின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "இந்த பம்பர் புதுசு."

"பந்தயத்துக்காக மாத்தினது" என்றார் நிஷினா.

"போன மாசம் விடியக்காலையில மலைப்பாதையில ஒரு பேப்பர்காரரை யாரோ இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. வெள்ளைக் கார்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவரு இன்னும் கண் முழிக்கல. உஷிகுபோ பார்த்தது அதைத்தானா?"

நிஷினா காபிப் பையைத் தரையில் வைத்தார், ஒரு டின்னும் உருளாமல், ரொம்ப ஜாக்கிரதையாக. "அவரு அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணி என்னைப் போலீஸுக்குப் போகச் சொன்னாரு" என்றார். "ஒரு நாள் டைம் கொடுத்தாரு. நல்ல மனுஷன். மறுநாள் மண்டபத்துல ஒரு கல்யாணம் இருந்துச்சு, என்னால எப்படிப் போக முடியும்?"

அவர் கன்னத்தில் ஓர் அறை விடலாம் என்று தோன்றியது, கை தூக்க வலுவில்லை. அகுட்சு அவரை அழைத்துக்கொண்டு போனார். வாக்குமூலத் தாளை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். மதோகாவைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை வெளியே காற்றில் உட்காரச் சொன்னார்கள். மதோகா வரவில்லை. ஷட்டரை மேலே ஏற்றிவிட்டு, அந்த உருளையின் விளிம்பில் உட்கார்ந்து, லேப்டாப்பில் முன்பு தாண்டிப் போன பக்கத்துக்கே திரும்பப் போயிருந்தாள்.

"ஒன்பது தடவை" என்றாள். "மூணு நாப்பத்தொண்ணுலேருந்து மூணு அம்பத்தெட்டு வரைக்கும் ஒன்பது தடவை பெட்ரோலைக் குறைச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் என் எண் பக்கத்துலயே ஏறியிருக்கு. ஏதோ தப்புன்னு கத்தியிருக்கு. ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி, இவ எண் ஏன் இப்படிப் போகுதுன்னு கேட்டிருந்தா?"

நான் ஹனாவாவைப் பார்த்தேன். இந்த இடத்தில் பொய் சொல்லலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர் சொல்லவில்லை.

"கேட்டிருந்தா பிழைச்சிருப்பாரு."

மதோகா தலையாட்டினாள். "நானும் அப்படித்தான். அவன் சென்சாரை நான் நம்பியிருந்தா பன்னிரண்டு நாளைக்கு முன்னாலயே இதைக் கண்டுபிடிச்சிருப்பேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கணும்னே இருந்துட்டோம்." லேப்டாப்பை மூடினாள். "காரியத்தன்னிக்கு நான் கடைசி வரிசையில நின்னேன். எல்லாரும் அழுதாங்க. கொன்னவளுக்கு அழ உரிமை இல்லைன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீங்க கொல்லல" என்றார் ஹனாவா.

"இல்ல, கொல்லல." அதைச் சொல்லிப் பார்க்கிறவள் போலச் சொன்னாள். "அப்ப, நான் அழலாமா?"

"அழுங்க, இகராஷி-சான்."

அவள் அழுதாள். சத்தமாக, சின்னப் பிள்ளையைப் போல, அந்த மனுஷனின் பெயரைச் சொல்லித் திட்டித் திட்டி அழுதாள். ஹனாவா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். அவள் முடிக்கும்வரை நாங்கள் வெளியிலேயே நின்றோம்.